மனத்தின் காவல் அரண்கள்

கண்ணை மூடிக்கொண்ட பூனை உலகமே இருண்டுவிட்டது என்று எண்ணுமாம் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது மற்றொன்று. எட்டாத பழத்தைப் புளிக்கும் பழம் என்று சொல்லிவிட்டு நடந்த நரியின் கதையை அறியாத சிறுவரும் இலர். இவற்றை வழங்கிய நம் முன்னோர் உளநூல் கற்றவர் அல்லர். எனினும், தாங்கமுடியாத உண்மை ஒன்று எதிரே வந்து நிற்கும்போது மனிதன் தன்னைத் தானே எவ்வாறு ஏமாற்றிக்கொள்கிறான் என்பதை அவர்கள் நன்கு கண்டிருந்தனர்.

பழமொழி கண்டு நகைக்கும். நகைத்து அப்பாற் செல்லும். ஆராய்ச்சியோ நின்று வினவும். பூனை ஏன் கண்ணை மூடியது? மூடாதிருந்தால் அது எதனைக் கண்டிருக்கும்? அதனைக் கண்டு தாங்கும் வலிமை அதற்கு இருந்ததா? இவ்வினாக்கள் ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மருத்துவர் உள்ளத்தில் எழுந்தன. அவற்றுக்கு விடை தேடிய வரலாறு வியன்னாவில் தொடங்கி, குண்டு விழுந்த இலண்டன் மாநகர் வழியாக, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவேடுகள் வரை நீள்கிறது. அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

அம் மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட். 1856 ஆம் ஆண்டு பிறந்த இவர் நரம்பு நோய்களில் பயிற்சி பெற்றவர். 1885 இல் பாரிஸ் நகர் சென்று, ஷார்க்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் சில மாதங்கள் கற்றார். அக்காலத்தில் மருத்துவர்களைத் திகைக்கவைத்த நோயாளர் பலர் இருந்தனர். கை அசையாது, ஆனால் நரம்பிலே பழுது இராது. பேச்சு எழாது, ஆனால் தொண்டையிலே குற்றம் இராது. இத்தகையோர் பிறப்பிலேயே தளர்ந்த மனம் உடையவர்கள் என்றும், அத் தளர்ச்சியாலேயே அவர்களது மனம் பிளவுபடுகிறது என்றும் பிரான்சு தேசத்து அறிஞர் பியேர் ஜானே கருதினார்.

பிராய்ட் இதனை ஒப்பவில்லை. 1894 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையிலே, தற்காப்பு என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லைத் தலைப்பிலேயே அமைத்தார். மனம் தளர்ந்து பிளவுபடவில்லை. தாங்கவொண்ணாத ஓர் எண்ணத்தைத் தன்னிடமிருந்து தள்ளிவிட முயன்றதன் விளைவே நோய் என்பது அவர் கூற்று. தள்ளப்பட்ட எண்ணம் மறைந்தாலும், அதனோடு பிணைந்திருந்த உணர்ச்சி மறைவதில்லை. அது வேறு வழி தேடும். சிலரிடம் உடலிலே இறங்கிக் கையையோ காலையோ முடக்கும். சிலரிடம் தொடர்பில்லாத வேறோர் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, ஓயாத அச்சமாகவும் ஐயமாகவும் உருக்கொள்ளும்.

அக்கட்டுரையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. அவள் ஓர் ஆடவனிடம் அன்பு கொண்டாள். அவனும் தன்னை விரும்புவதாக நம்பினாள். அவள் இல்லத்தில் ஒரு விழா நாள் வந்தது. அன்று அவன் கட்டாயம் வருவான் என்று காத்திருந்தாள். பொழுது சாய்ந்தது, அவன் வரக்கூடிய புகைவண்டிகள் யாவும் வந்து போயின, அவன் வரவில்லை. அதன்பின் அவளது மனம் வேறோர் உலகிற் புகுந்தது. அவன் வந்துவிட்டான், தோட்டத்திலே அவன் குரல் கேட்கிறது, அவனை வரவேற்க அவள் இறங்கி ஓடுகிறாள். இரண்டு மாதங்கள் அவள் அந்த இன்பக் கனவிலே வாழ்ந்தாள். குழந்தையை இழந்த தாய் ஒரு மரத்துண்டைக் கையில் ஏந்தித் தாலாட்டுவதையும் பிராய்ட் இதனோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

நேயர்களே, இதனைப் பைத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பிராய்ட் அதிலே ஒரு நோக்கத்தைக் கண்டார். அவன் வரவில்லை என்ற உண்மை அவளாற் பொறுக்கத்தக்கதன்று. ஆகவே மனம் அவ்வுண்மையை மட்டுமன்றி, அவ்வுண்மை இருக்கும் உலகத்தையே துறந்துவிட்டது. நோயின் குறி என்று தோன்றியது, உண்மையில் மனம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த முயற்சி என்ற கருத்து மருத்துவ உலகுக்குப் புதிது.

பின்னர் பல ஆண்டுகள் பிராய்ட், தற்காப்பு என்ற பொதுச் சொல்லை ஒதுக்கி, அமிழ்த்தல் என்ற ஒன்றையே பெரிதும் பேசினார். அமிழ்த்தல் என்பது வேதனை தரும் எண்ணத்தை நனவு மனத்திலிருந்து நனவிலி மனத்துக்குத் தள்ளிவிடுதல். 1915 இல் இதனைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார். இதற்கிடையில், 1908 இல் சால்ஸ்பேர்க் நகரிற் கூடிய மாநாட்டிலே அவருடைய மாணாக்கர் ஏர்னெஸ்ட் ஜோன்ஸ் மற்றொன்றை விளக்கினார். நாம் ஏதோ ஒரு காரணத்தாற் செய்த செயலுக்குப் பின்னர் வேறொரு நல்ல காரணம் கண்டுபிடித்து, அதனையே உண்மை என நம்பிவிடுதல் அது. நியாயம் கற்பித்தல் என்று அதனைச் சொல்லலாம். நரி சொன்ன காரணம் இவ்வகையைச் சேர்ந்ததே.

1926 இல், தம் எழுபதாம் ஆண்டில், பிராய்ட் தம் பழைய சொல்லுக்கு மீண்டார். அமிழ்த்தல் என்பது மனத்தின் தற்காப்புகளுள் ஒன்றே. அதனினும் வேறான முறைகள் பல உண்டு என்றார். அச்சம் என்னும் உணர்ச்சியே இவற்றை எழுப்பும் மணியொலி என்றும் விளக்கினார். ஆயினும் அம் முறைகள் எத்தனை, எவை, எப்பருவத்தில் எவை தோன்றும் என்று முறைப்படி தொகுத்துரைக்கும் பணியை அவர் செய்யவில்லை. அதனைச் செய்தவர் அவருடைய இளைய மகள்.

அன்னா பிராய்ட் 1895 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். 1920 வரை வியன்னாவிலே பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். 1922 இல் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகத்தில் உறுப்பினரானார். வகுப்பறையிலே குழந்தைகளோடு பழகிய கண் அவருக்கு இருந்தது. அக்கண்ணே பின்னர் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று. 1936 இல், தந்தையாரின் எண்பதாவது பிறந்த நாளையொட்டி, மனத்தின் தற்காப்பு நுட்பங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அந்நூலிலேதான் இவை ஒருங்கே எண்ணி, பெயரிட்டு, விளக்கப்பட்டன.

அவர் எண்ணிக் காட்டியவை பத்து. அவற்றுள் அமிழ்த்தலும் ஒன்று. வளர்ந்த பிள்ளை மீண்டும் கைக்குழந்தை போல் நடந்துகொள்ளும் பின்னடைவு ஒன்று. தன் உள்ளத்தின் வெறுப்பைப் பிறர்மேல் ஏற்றி, அவரே தன்னை வெறுக்கிறார் என்று நம்பும் புறத்தேற்றம் ஒன்று. தம்பி பிறந்ததிற் பொறாமை கொண்ட சிறுமி, அளவுக்கு மீறிய அன்பை அவன்மேற் சொரிவதுபோல, உள்ளே இருப்பதற்கு நேர்மாறானதை வெளியே நிறுத்துதல் ஒன்று. பிறரிடம் காட்டவேண்டிய சினத்தைத் தன்மேலேயே திருப்பிக்கொள்ளுதல் ஒன்று. இறுதியாக உள்ளது உயர்வழிப்படுத்தல்; மனத்தின் வேகத்தைச் சமுதாயம் மதிக்கும் கலையாகவும் உழைப்பாகவும் மாற்றிக்கொள்ளுதல் அது.

இப்பட்டியலைக் காட்டிலும் அந்நூலில் வரும் சிறுவர்களே நம் நினைவில் நிற்பவர்கள். ஒரு சிறுமி இருண்ட கூடத்தைக் கடக்க அஞ்சினாள். அங்கே பேய் இருக்கும் என்பது அவள் அச்சம். சில நாளில் அவள் விந்தையான அங்க அசைவுகள் செய்துகொண்டு கூடத்தைத் துணிவாகக் கடந்தாள். தன் தம்பிக்கும் அவள் அந்த இரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தாள்: எதிரே வரக்கூடிய பேய் தானே என்று பாவனை செய்துகொண்டால் அச்சம் நீங்கிவிடும். மற்றொரு சிறுவனை ஆசிரியர் கண்டிக்கும்போதெல்லாம் அவன் முகத்தைக் கோணிக் காட்டினான், வகுப்பு நகைத்தது. அவன் கேலி செய்கிறான் என்று ஆசிரியர் எண்ணினார். கூர்ந்து நோக்கியபோது, ஆசிரியரின் சினந்த முகமே சிறுவனின் முகத்திற் பிரதிபலித்தது புலனாயிற்று. தன்னை அச்சுறுத்துபவரின் உருவையே தான் எடுத்துக்கொண்டு அவன் அச்சத்தைத் தாங்கினான். அச்சுறுத்துபவரோடு ஒன்றிவிடுதல் என்று அன்னா இதற்குப் பெயரிட்டார். குறும்பு என்று நாம் பிரம்பை எடுக்கும் இடத்தில் அச்சம் இருக்கக்கூடும் என்பதனை ஆசிரியரும் பெற்றோரும் இங்கே அறிந்துகொள்ளலாம்.

நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகுமுன், அச்சம் ஏட்டிலிருந்து இறங்கி அவர்கள் வீட்டுக் கதவையே தட்டியது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்தன. பிராய்ட் யூதர். 1933 இலேயே பேர்லினில் அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டிருந்தன. நாட்டை விட்டு நீங்குமாறு நண்பர் பலர் வற்புறுத்தியும், 1891 முதல் தாம் வாழ்ந்த வீட்டை விட்டகல முதியவர் மனம் இசையவில்லை. மார்ச் 22 ஆம் நாள் கெஸ்டாப்போ என்னும் இரகசியக் காவற்படையினர் அன்னாவை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். அன்று மாலை அவர் உயிரோடு திரும்பினார். அதன்பின் தயக்கத்துக்கு இடமில்லை. ஜூன் 4 ஆம் நாள் அவர்கள் வியன்னாவை நீங்கி, பாரிஸ் வழியாக இலண்டன் சேர்ந்தனர். அங்கே 1939 செப்டெம்பர் 23 இல் பிராய்ட் காலமானார். வியன்னாவிலேயே தங்கிவிட்ட அவருடைய முதிய சகோதரிமார் நால்வரும் பின்னர் நாஸிகளின் முகாம்களில் மாண்டனர்.

இனி வருவதே இவ்வரலாற்றின் உயிரான பகுதி. போர் மூண்ட 1939 செப்டெம்பரின் முதல் நாட்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் பிள்ளைகள். 1940 செப்டெம்பர் முதல் இலண்டன்மேற் குண்டுகள் இரவிரவாக விழுந்தன. 1941 இன் தொடக்கத்தில், அன்னாவும் அவர் தோழியாராகிய டொரதி பேர்லிங்காம் அம்மையாரும் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில், அமெரிக்க மக்களின் பொருளுதவியோடு, போர்க்காலக் குழந்தை இல்லங்களை நிறுவினர். வீடிழந்தோர், தந்தை போர்முனை சென்றோர், தாய் தொழிற்சாலை சென்றோர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பணியாளர் கண்டதை நாள்தோறும் எழுதிவைத்தனர்.

அக்குறிப்புகளிலிருந்து வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. குண்டின் ஒலியும் இடிந்த சுவரும் குழந்தையை வருத்தின; ஆனால் தாயின் அருகில் இருந்த குழந்தை அவற்றைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. தாயைப் பிரிந்து பாதுகாப்பான நாட்டுப்புறத்தில் இருந்த குழந்தையோ, குண்டு விழாத இடத்திலும் ஆறாத துயர் கொண்டது. உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு உள்ளத்தைக் காக்கவில்லை.

அங்கே வந்த மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பைக் கேளுங்கள். அழாமல் நல்ல பிள்ளையாக இருந்தாற்றான் தாய் பார்க்க வருவாள் என்று அவனிடம் சொல்லப்பட்டிருந்தது. அவன் அழவில்லை. அதற்குப் பதிலாக, யார் தன்னை நோக்கினாலும், அம்மா வருவாள், மேற்சட்டை அணிவிப்பாள், வீட்டுக்கு அழைத்துச் செல்வாள் என்று தலையை ஆட்டியபடி சொல்லிக்கொண்டிருந்தான். நாளாக ஆக, அம்மா அணிவிக்கப்போகும் ஆடைகளின் பட்டியல் நீண்டது. இதனை ஓயாது சொல்லாமல் நிறுத்தலாகாதா என்று யாரோ கேட்டனர். அவன் கீழ்ப்படிந்தான். சொல் நின்றது, உதடுகள் மட்டும் அசைந்தன. பின்னர், கண்ணுக்குத் தெரியாத மேற்சட்டையை அணிவதுபோலவும் தொப்பி வைப்பதுபோலவும் கைகள் அசைந்தன. அதுவும் குறைந்து, இறுதியில் விரல்களின் சிறு அசைவாக மட்டும் எஞ்சியது. மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, அவன் ஒரு மூலையில் நின்று விரல்களையும் உதடுகளையும் அசைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் அறியாத ஒருவர் அவ்விரல்களை மட்டும் கண்டிருந்தால், மூளைக் கோளாறு என்று கருதியிருப்பார். அழுகை மறுக்கப்பட்டபோது சொல்லாக மாறி, சொல் மறுக்கப்பட்டபோது அசைவாக மாறி, படிப்படியாக இந்நிலைக்கு வந்த துயரம் அது என்பது, நாள்தோறும் உடனிருந்து நோக்கியவர்களுக்கே விளங்கிற்று. துயரம் மறையவில்லை, தன் மொழியை மட்டுமே இழந்தது. அழாதே என்று நாம் குழந்தைகளை அடக்கும்போதெல்லாம் அவன் நம் நினைவுக்கு வரவேண்டும்.

மற்றொரு சிறுவனுக்கு வயது நான்கு. அவன் தந்தை குண்டுவீச்சில் இறந்துவிட்டார். அவன் அதனை ஏற்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் குண்டுவீச்சு விளையாட்டு விளையாடுவர். குண்டு விழும், கடதாசி வீடு இடியும், ஆட்கள் சாவர். இச்சிறுவனின் விளையாட்டில் மட்டும் எந்த வீடும் இடிந்து கிடப்பதில்லை. சரியத் தொடங்கிய வீட்டை உடனே நிமிர்த்திவிடுவான். அதனால் அவன் விளையாட்டு ஒருபோதும் முடிவதில்லை. மீண்டும் மீண்டும் தொடங்கினான். அவன் கட்டிக் காத்தது கடதாசி வீட்டையா? பல மாதங்கள் கழிந்தபின், தந்தை கொல்லப்பட்டார், அவர் திரும்பமாட்டார் என்று அவன் தன் வாயாற் சொன்னான். ஏற்றுக்கொள்ளும் வலிமை வந்தபோதுதான் அச்சொல் பிறந்தது.

இவ்விரு சிறுவர்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. இருவரும் அரண் கட்டினர். இரண்டாமவனுடைய அரண் காலத்தை வாங்கிக் கொடுத்தது. அக்காலத்துள் உண்மை சிறிது சிறிதாக உட்புகுந்தது. முதலாமவனுக்கோ துயரை வெளியிடும் வாயில்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. தற்காப்பு நன்றா தீதா என்பதனை அதன் பெயரைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. அது எவ்வளவு காலம் நிற்கிறது, வாயில் வைத்திருக்கிறதா, பக்கத்தில் அன்பானவர் யார் உளர் என்பவற்றைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

இதனை உணர்ந்த அவ்விரு பெண்மணிகளும் தம் இல்லத்தின் முறையையே மாற்றினர். தாய்மார் எந்நேரமும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றனர். பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ப்புத்தாயை அமர்த்தினர். குழந்தைகளின் தற்காப்பைப் பிடுங்க முயலாமல், தற்காப்புக்குத் தேவை குறையும்படி அவர்கள் வாழ்வைச் சீர்செய்தனர். 1945 இல் போர் முடிந்து இல்லங்கள் மூடப்பட்டபின், 1947 இல் குழந்தை உளமருத்துவப் பயிற்சியையும், 1952 இல் ஹாம்ஸ்டெட் மருத்துவ நிலையத்தையும் அன்னா நிறுவினார். 1982 இல் அவர் காலமானபின் அந்நிலையம் அவர் பெயரையே ஏற்றது.

இனி அமெரிக்கா செல்வோம். 1938 ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளரை விடுத்து, நலமுள்ள இளைஞரின் வாழ்வை நெடுங்காலம் தொடர்ந்து காணல் அதன் நோக்கம். 268 மாணவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். போருக்குச் சென்று மீண்டு, மணம் புரிந்து, தொழிலில் உயர்ந்தும் தாழ்ந்தும் அவர்கள் முதுமையடைந்த காலமெல்லாம் பதிவுகள் தொடர்ந்தன. 1960 களின் பிற்பகுதியில் இவ்வாய்வில் இணைந்து, பின்னர் அதன் தலைவரான ஜோர்ஜ் வைலன்ட் என்ற உளமருத்துவர், அவர்கள் துன்பங்களை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று ஆராய்ந்து 1977 இல் நூல் ஒன்று வெளியிட்டார்.

வைலன்ட் தற்காப்புகளை நான்கு படிகளாக அடுக்கினார். கண்கூடான உலகையே மறுப்பது கீழ்ப்படி. தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றுதலும், கற்பனையில் ஒளிந்துகொள்ளுதலும், ஆத்திரத்தை யோசியாது செயலாக்குதலும் முதிராத படி. அமிழ்த்தலும், ஒருவர்மேலுள்ள சினத்தை வேறொருவர்மேற் காட்டுதலும் இடைப்படி. முதிர்ந்த படியில் அவர் வைத்தவை ஐந்து: பிறர்நலம் பேணல், நகைச்சுவை, வரப்போகும் துன்பத்தை முன்னரே எண்ணி ஆயத்தம் செய்தல், துயரத்தை அறிந்தே சிறிது காலம் ஒத்திவைத்தல், உயர்வழிப்படுத்தல். இவற்றுள் நகைச்சுவை இடம்பெற்றதைக் கண்டு தமிழர் வியப்படையமாட்டார். துன்பம் வந்தபோது நகுமாறு சொன்ன வள்ளுவர், இடுக்கண் அழியாமை என்று அதற்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் அன்றோ!

முதிர்ந்த முறைகளைக் கையாண்டோர் வாழ்வில் நட்பும் இல்லறமும் தொழிலும் பெரும்பாலும் செழித்திருந்தன என்பது வைலன்டின் முடிவு. செல்வர் பிள்ளைகளான ஹாவார்ட் மாணவருக்கு இது எளிது என்று எவரும் சொல்லக்கூடும். ஆகவே பொஸ்டன் நகரின் வறிய பகுதிகளில் வளர்ந்த 456 பேரின் வாழ்க்கைப் பதிவுகளையும் அவர் ஒப்பிட்டார். முதிர்ந்த தற்காப்பு செல்வத்துக்கோ கல்விக்கோ உரிய தனியுடைமை அன்று என்று அங்கே கண்டார். வயது ஏற ஏற, முதிராத முறைகளை விட்டு முதிர்ந்தவற்றுக்கு மனிதர் மாறவும் முடியும் என்பது அவர் காட்டிய நம்பிக்கை. எனினும் இரு கூட்டத்தாரும் ஆண்களே, வெள்ளையரே என்பதனையும் நாம் மறத்தலாகாது.

இக்கொள்கைக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. நனவிலி மனத்தின் செயலை நேரே கண்டவர் எவருமில்லை. 1990 இல் டேவிட் ஹோம்ஸ் என்னும் உளவியலாளர், அறுபது ஆண்டுக்காலச் சோதனைகளை மீளாய்ந்து, ஆய்வுகூடத்தில் அமிழ்த்தலுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் பின்னிணைப்பில் தற்காப்புகளுக்கு ஓர் அளவுகோல் தரப்பட்டது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெறவில்லை. அதே வேளையில், சிறுவரிடம் ஆய்வு நடத்திய பீபி கிறேமர் என்ற அம்மையார், இளங்குழந்தை மறுத்தலைப் பெரிதும் கையாளுகிறது என்றும், அதன் சூழ்ச்சி தனக்கே விளங்கும் வயது வந்ததும் அதனைக் கைவிடுகிறது என்றும் காட்டினார். கண்ணை மூடினால் உலகம் மறைவதில்லை என்று அறிந்த பூனைக்கு அவ்வித்தை அதன்பின் பயன்படாது.

மருத்துவமனைகளும் இரு பக்கத்தையும் கண்டுள்ளன. மாரடைப்பால் தாக்கப்பட்டோரைப் பொஸ்டன் நகரில் தோமஸ் ஹக்கெட் என்ற மருத்துவரும் அவர் துணைவரும் 1960 களில் ஆராய்ந்தனர். தமக்கு அச்சமே இல்லை என்று மறுப்போர் அவர்களிடையே பலர் இருந்தனர். சிகிச்சைக் கட்டிலிற் கிடக்கும் முதல் நாட்களில் அம்மறுப்பு மனத்துக்கு அமைதி தரக்கூடும். ஆனால் நெஞ்சு வலிக்கும்போது, இது வெறும் வாயு என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருப்பவருக்கு அதே மறுப்பு உயிருக்கே கேடாகும். கட்டிலில் மருந்து, வீட்டில் நஞ்சு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இக்கலைச்சொற்களைக் கற்றவர் அவற்றைப் பிறர்மேல் வீச விரைவர். போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட நம் நாட்டில், காணாமற்போனவர் வருவார் என்று காத்திருப்போர் பலர். அவர்கள் உண்மையை மறுக்கிறார்கள் என்று சொல்லுதல் பொருந்தாது. மறுத்தல் என்பது அறிந்த உண்மையை ஏற்காமை. அவர்களுக்கோ உண்மை இன்னதென்று எவரும் காட்டவில்லை. உடலைக் காணாது, ஈமக்கடன் செய்யாது, ஒரு தாய் கதவைத் திறந்து வைத்திருப்பாளாயின் அது நோய் அன்று. விடை பெறாத வினா. அவ்வினாவுக்கு விடை தருதல் உளமருத்துவரின் கடமை மட்டும் அன்று.

நேயர்களே, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வாராய்ச்சி நமக்குச் சொல்வன சில. துன்பத்தைக் கண்டு மனம் அரண் கட்டுவது குற்றமன்று. கட்டாத மனிதன் இல்லை. நம்முடைய சினம் உண்மையில் யார்மேல் உள்ளது, நாம் சொல்லும் காரணம் உண்மையான காரணந்தானா என்று அவ்வப்போது நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நன்று. பிறருடைய அரணை இடித்து உண்மையை ஊட்ட முற்படுதல் தகாது. அழும் பிள்ளையை அழவிடுவோம். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் முதியவரைச் சலிக்காது கேட்போம். தயங்குபவர் அருகே அமர்ந்திருப்போம். வெளியே அன்பான கை ஒன்று காத்திருக்கிறது என்று அறிந்த மனம், தானே தன் கதவைத் திறக்கும்.